சாச்சி வைத்த தண்ணீர்

சாச்சிக்குத் தேநீர் கொடுத்தால் நின்றுகொண்டுதான் குடிப்பார். கதிரையை இழுத்துப் போட்டால், இருக்க வரவில்லை என்பார். அந்தத் தேநீரையும் ஒரே இடத்தில் நின்று குடித்து முடிக்க மாட்டார். பாதிக் கோப்பையோடு எங்கள் சமையலறையைச் சுற்றி வருவார். போகிற போக்கில் சரிந்த மூடியை நிமிர்த்துவார், அடுப்பைக் கொஞ்சம் குறைப்பார், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் ஆணி இருக்கிறதா என்று கேட்பார். ஆணி கிடைத்தால் அடித்துவிட்டுத்தான் போவார். தேநீர் எங்கேயாவது, அரிசி டின்னின் மேலோ என் தையல் மெசினின் மேலோ, ஆறிப்போய்க் கிடக்கும்.

மாத்தளையில் நாங்கள் குடியிருந்த லேனில் எல்லோருக்கும் அவர் சாச்சி. சிங்களப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் ரத்தொட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். சின்னம்மாவை முஸ்லிம் வீடுகளில் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. கொஞ்ச காலம் அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு சரிவில் கொஞ்சம் மேலே, அவருடையது கீழே. இடையில் இடுப்புயர மதில். என் தையல் மெசின் சமையலறை ஜன்னலோரம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் அவர் வீட்டுப் பின்பக்கம் முழுவதும் தெரியும்: கொய்யா மரம், மிளகுக் கொடி ஏறிய பலா மரம், துணி துவைக்கும் கல், கம்பி கட்டிய கோழிக்கூடு. நாள் முழுவதும் பிளவுஸ் தைத்துக்கொண்டு நான் அந்த முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சாச்சியை அங்கே அதிகம் பார்த்ததில்லை. அவர் மிளகு வியாபாரம் செய்தார். நாவுல, பல்லேகம, வஹகோட்டை என்று பஸ் ஏறிப் போய், வீடு வீடாக மிளகும் கராம்பும் வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து டவுன் கடைகளுக்குக் கொடுப்பார். காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் கேட் திறக்கிற சத்தம் கேட்கும்.

முற்றத்தில் இருந்தவர் அவருடைய கணவர். அவரைச் சாச்சா என்போம். ஹாட்வெயார் கடை ஒன்றில் வேலை பார்த்து, நெஞ்சு வருத்தம் வந்தபிறகு வீட்டோடு இருந்தவர். கொய்யா மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில்தான் அவர் பகல் போகும். அந்தக் கதிரையிலேயே, தை மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு அவர் போய்விட்டார். அன்றைக்குச் சாச்சி நாவுலயில் இருந்தார்.

என் கணவர்தான் போன் பண்ணிச் சொன்னார். சாச்சி கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து, எங்கள் லேன் முனையில் இறங்கி ஓடிவந்தார். மிளகுச் சாக்கு அந்த பஸ்ஸிலேயே போய்விட்டது. காணாமல்போன ஒரு சின்னப் பைக்காக டிப்போ வரை போய்ச் சண்டை போடுகிறவர், அந்தச் சாக்கைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இத்தா. கணவர் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணிலும் படக்கூடாது. வேறு யாருக்கும் அது துக்கக் காலம். சாச்சிக்கு அது என்னவாக இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நடப்பார். பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு நடப்பார். போனைக் காதில் வைத்தபடி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, பல்லேகமவில் மிளகு காய்ந்துவிட்டதா, வேறு யாரும் வந்து கேட்டார்களா என்று சிங்களத்தில் விசாரிப்பார். பேச்சு முடிந்தும் சுற்றுவது நிற்காது. எனக்கே தையலில் கோடு கோணலாகப் போகும். துணைக்கு வந்து தங்கியிருந்த சாச்சாவின் அக்கா, ஓர் இடத்தில் இருந்து ஓதும்படி சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். சாச்சி ஓதுவார், நடந்துகொண்டே.

வீட்டோடு இருந்த முதல் வாரத்தில் அவர் கண்ணில் பட்டது பின்பக்கத்துக் குழாய். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற குழாய் அது. வருஷக் கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. சாச்சி ஒரு பழைய ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்து உள்ளே போட்டு இறுக்கினார். சொட்டு நின்றது. மழை இல்லாத மாசி மாதம். மலைப்பக்கம் புல்லெல்லாம் எரிந்து கிடந்தது. அடுத்த நாள் ஒரு கொண்டைக்குருவி வந்து குழாயின் மேல் உட்கார்ந்து, தலைகீழாக வளைந்து, அதன் வாயைக் கொத்தியது. போனது. திரும்ப வந்து கொத்தியது.

சாச்சி மதிலோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"மகள், அந்தக் குருவி என்னத்துக்குப் பைப்பைக் கொத்துது?"

"தண்ணிக்கு, சாச்சி. தெனமும் அங்கதான் குடிக்கும். நீங்கதான் பைப்பை சரிசெஞ்சிட்டீங்களே."

"எத்தனை நாளா குடிக்குது?"

"நான் இங்க வந்ததுல இருந்து பார்க்கிறேன்."

அவர் குழாயைத் திரும்பிப் பார்த்தார். தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் யாரோ குடியிருந்ததைக் கேள்விப்பட்டவர் போல இருந்தது முகம். எனக்குத் தெரியாதே, எனக்குத் தெரியாதே என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய சவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். சவன் என்பது விருந்துகளில் பலபேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற வட்டத் தட்டு. அதைக் கோழிக்கூட்டின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். பின்னாலேயே வந்த சாச்சாவின் அக்கா நெஞ்சில் கை வைத்தார். மனிதர் சாப்பிடுகிற சவனில் குருவிக்குத் தண்ணீரா என்று கேட்டார்.

"அவருக்கு ஓதின கத்தத்துக்கு வந்தவங்க எல்லாம் சாப்பிட்டுப் போய்ட்டாங்க மதினி," என்றார் சாச்சி. "இனி யார் வரப் போறாங்க?"

ஆனால் குருவியும் வரவில்லை. அலுமினியம் வெயிலில் கொதித்தது. விளிம்பில் வந்து உட்கார்ந்த ஒன்று, கால் வழுக்கி, பயந்து பறந்தது. சாச்சி சவனை எடுத்துவிட்டு ஒரு மண்சட்டியை வைத்தார். ஆழமான சட்டி. அதில் இரண்டு நாள் நல்ல வரத்து. மூன்றாம் நாள் காலையில், பறக்கப் பழகாத ஒரு குஞ்சு அதில் விழுந்து, ஏற முடியாமல் செத்து மிதந்தது. நான் ஜன்னலைத் திறந்தபோது சாச்சி கொய்யா மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போன் சத்தம் கேட்கவில்லை. நடமாட்டமும் இல்லை. அந்த ஒரு நாள் அந்த முற்றம் வெறுமையாகக் கிடந்தது எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் சிமெந்தைக் குழைத்துக்கொண்டிருந்தார். சாச்சா எப்போதோ வாங்கி வைத்திருந்த பாதி மூட்டை. மணலை மேடாகக் குவித்து, தட்டி வழவழப்பாக்கி, மேலே பொலிதீன் விரித்து, அதன்மேல் சிமெந்தை அப்பினார். காய்ந்தபிறகு திருப்பிப் போட்டால் அகலமான, ஆழமில்லாத தட்டு. வழுக்காது, சுடாது, எந்தக் குஞ்சும் நடந்தே வெளியே வரலாம். யோசனை அருமையானது. அது காயும்வரை பொறுக்கத்தான் அவரால் முடியவில்லை. அன்று பின்னேரமே ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டாக உடைந்தது. இன்னொன்று செய்தார். அதன்மேல் சாக்கு போட்டு மூடி, அந்தச் சாக்கை ஓயாமல் விலக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, அதையும் வெடிக்கவைத்தார்.

மூன்றாவதை எங்கள் பக்கத்தில் செய்தோம். அது என் கணவரின் யோசனை. இத்தா முடியும்வரை சாச்சி மதிலைத் தாண்ட மாட்டார், அதனால் தட்டு பிழைக்கும் என்றார். அவர் குழைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போக, நான் காலையும் மாலையும் ஈரச்சாக்கு போட்டுவந்தேன். சாச்சி மதிலில் இரண்டு கைகளையும் ஊன்றி எட்டிப் பார்ப்பார். இன்னும் ஆகவில்லையா, கொஞ்சம் தட்டிப் பாருங்களேன், சத்தம் எப்படி வருகிறது, சாக்கு காய்ந்துவிட்டதே. ஒரு நாள் எனக்கும் பொறுமை போய்விட்டது.

"சாச்சி, கொஞ்சம் சும்மா இருந்தாத்தான் அது இறுகும்."

அவர் கோபிக்கவில்லை. "சும்மா இருக்கிறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித் தரல்லயே மகள்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போகாமல் அங்கேயே நின்றார்.

தட்டு நன்றாக வந்தது. என் கணவர் அதைத் தூக்கி மதிலுக்கு அப்பால் வைக்க, சாச்சி கதவுக்குப் பின்னாலிருந்து வழி சொன்னார். பழைய சிமெந்துக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் தட்டு. உள்ளே விரல்கட்டை ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் இரண்டு மூன்று கூழாங்கல். விடிந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டுவார். தேங்காய்ப் பொச்சால் தேய்ப்பார். சவுக்காரம் போட மாட்டார், குருவியின் இறகுக்கு ஆகாது என்பார். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். போனில் வீடியோ பார்த்தாராம், நடந்துகொண்டே.

பிறகு தொடங்கியது இடம் மாற்றும் வேலை. கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பூனை கிளையிலிருந்து பாயும். வெட்டவெளியில் வைத்தால் பருந்து பார்க்கும். சுவரோரம் வைத்தால் தண்ணீர் சுடும். தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குழாயை உருட்டிக்கொண்டு, அந்தச் சின்ன முற்றத்தில் அவர் அலையாத மூலை இல்லை. மலையிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கிவந்து, தட்டில் உட்கார்ந்து, கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் கூரையில் எறிந்தது. சாச்சி விளக்குமாற்றோடு ஓடினார். ஒரு கிழக் குரங்கு தட்டைத் தள்ளிவிட்டு, விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்தது. அவர் சளைக்கவில்லை. புதிய கல் பொறுக்கிப் போட்டார், மறுபடி இடம் மாற்றினார்.

குருவிகள் வரவே செய்தன. ஆனால் சாச்சி அவற்றைப் பார்க்கவில்லை. அவர் உள்ளே போனபிறகுதான் அவை வரும். கொண்டைக்குருவி ஒன்றிரண்டு வரும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார். நிற்பார் என்றால், கொஞ்ச நேரம். ஒரு கல் சரிந்திருக்கிறது, ஒரு இலை விழுந்திருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிட்டு வருகிறேன் என்று கால் வெளியே வந்துவிடும். கதவு கிரீச்சென்றதும் எல்லாம் பறந்துபோகும். பிறகு மதிலோரம் வந்து என்னைத்தான் கேட்பார்.

"வந்திச்சா?"

வந்தது என்று நான் சொல்ல வேண்டும். எத்தனை வந்தன, குடித்தனவா, குளித்தனவா, எது முதலில் இறங்கியது, கல்லில் நின்றதா விளிம்பில் நின்றதா என்று எல்லாம் சொல்ல வேண்டும். நான் தைத்துக்கொண்டே சொல்வேன். அவர் மதிலின் காரையைச் சுரண்டியபடி கேட்பார். அந்த நேரம் மட்டும் அவர் கொஞ்சம் ஒரே இடத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் சாச்சாவின் அக்கா, வீட்டுக்கு வந்த யாரோ ஒரு பெண்ணிடம், எங்கள் ஜன்னல்வரை கேட்கும்படி சொன்னார்: "உயிரோட இருந்த மனுசன் பக்கத்தில இருக்கல்ல. இப்ப குருவிக்குக் காவல் இருக்கிறா." சாச்சி அப்போது பொச்சால் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். கை நிற்கவில்லை. ஆனால் சுத்தமாகிவிட்ட தட்டை அவர் மேலும் மேலும் தேய்த்தார். அந்த உரசல் எனக்குப் பல்லைக் கூசவைத்தது. மெசினை ஓட்டி அந்தச் சத்தத்தை மறைத்துக்கொண்டேன்.

சித்திரையில் மழை பிடித்தது. மழைக்குப் பின்னால் நுளம்பு வந்தது, நுளம்புக்குப் பின்னால் டெங்கு. லேனின் கடைசி வீட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரி வார்ட்டில் போட்டார்கள். பேச்சு எழுந்தது. சாச்சி வீட்டில் தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறார்களே என்று யாரோ சொல்ல, யாரோ தலையாட்டியிருப்பார்கள். சாச்சி அதைக் கேட்டு, காலையில் மட்டும் மாற்றிய தண்ணீரை மாலையிலும் மாற்றத் தொடங்கினார். முற்றத்தில் கிடந்த சிரட்டை, யோகட் கோப்பை, வாழைமட்டை என்று ஒன்று விடாமல் பொறுக்கினார். மதிலுக்கு மேலால் என் பூச்சாடித் தட்டுகளையும் கவிழ்க்கச் சொன்னார்.

அப்படியும் ஒரு காலையில் பிஎச்ஐ வந்தார். சுகாதாரப் பரிசோதகர். இளம் வயது, சிங்களப் பொடியன், கையில் டார்ச். கூட ஓர் உதவியாள். சாச்சி இத்தாவில் இருப்பதால் வெளியே வரவில்லை. நான் போய் நடுவில் நின்றேன். அவர் சிங்களத்தில் கேட்பதை நான் கதவைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டியதே இல்லை, சாச்சிக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும். ஆனாலும் மரியாதைக்கு அப்படிச் செய்தோம். கதவுக்குப் பின்னாலிருந்து பதில், கேள்வி முடியும் முன்பே வந்தது.

பிஎச்ஐ நேராகத் தட்டிடம்தான் போனார். குனிந்து பார்த்தார், டார்ச் அடித்தார், விரலால் தடவினார். அந்த நேரம் தவிட்டுக்குருவிகள் கொய்யா மரத்தில் கூடி, எங்களைப் பார்த்துக் கத்தித் தீர்த்தன. உதவியாள் அண்ணாந்து, "தெமலிச்சோ" என்றார். பிஎச்ஐ அவரை முழங்கையால் இடித்துவிட்டு என்னைப் பார்த்து நெளிந்தார். சிங்களத்தில் அந்தக் குருவிக்கு அதுதான் பெயர். தமிழச்சி என்று பொருள். ஓயாமல் சத்தம் போடுமாம், அதனால். கதவுக்குப் பின்னால் சாச்சி சிரித்தார்.

"அப்ப அது எங்கட ஆளுங்கதான். தண்ணி குடிக்க வந்ததை விரட்ட வேணாம்னு சொல்லுங்க மகள்."

எல்லோரும் சிரித்தோம். தட்டில் ஒன்றுமில்லை, இவ்வளவு சுத்தமாகத் தண்ணீர் வைத்த வீடு இந்த லேனில் இல்லை என்று பிஎச்ஐ சொன்னார். நானும் மூச்சு விட்டேன். அவர் போகத் திரும்பியவர், முகம் கழுவுகிற குழாய்க்குப் பின்னால் சுவரில் அடித்திருந்த சின்னப் பலகையைப் பார்த்தார். அதன்மேல் ஒரு பச்சை பிளாஸ்டிக் ஜக். கூரையோரத்துத் தூவானம் விழுகிற இடம். டார்ச்சை உள்ளே அடித்தார். உதவியாளைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னையும் பார்க்கச் சொன்னார். தண்ணீருக்குள் நூல்நூலாகப் புழுக்கள் சுருண்டு நெளிந்தன.

இதை இப்போதே கொட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் கையை நீட்டினார்.

"அதைத் தொட வேணாம்."

சாச்சி வெளியே வந்துவிட்டார். தலையில் முந்தானை இழுத்துப் போட்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு அந்நிய ஆண்கள் நிற்கிறார்கள் என்பதோ, உள்ளேயிருந்து சாச்சாவின் அக்கா கூப்பிடுவதோ அவருக்கு உறைக்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"அஸருக்கு அவர் நிறைச்சு வச்ச தண்ணி மகள். முகம் கழுவ நேரம் கிடைக்கல்ல."

வீட்டில் ஒரு மூடி சரிந்திருந்தாலும் பொறுக்காதவர். லேன் முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் கவிழ்க்கச் சொன்னவர். அந்த ஜக்கை மட்டும் தை மாதத்திலிருந்து தொடவில்லை. தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அது தெரியவில்லை.

பிஎச்ஐ என்னவென்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பொடியன் டார்ச்சை அணைத்தார். பிறகு உதவியாளிடம், பக்கத்து வீட்டை முதலில் பார்த்துவிட்டு வருவோம் என்று சொல்லி, எங்களைப் பார்க்காமலே வெளியே போனார்.

சாச்சி ஜக்கை எடுத்தார். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே ஊற்றுவது என்று என்னைக் கேட்டார். காய்ந்த தரையில் ஊற்றினால் புழு செத்துவிடும் என்றேன். அவர் வெயில் படுகிற இடமாகப் பார்த்துப் போய், மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்த்து ஊற்றினார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. ஊற்றி முடிந்தும் சாய்த்த கை சாய்த்தபடியே இருந்தது. நான் போய் ஜக்கை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன். அவர் தடுக்கவில்லை. பிஎச்ஐ திரும்பி வந்தார். கவிழ்த்திருந்த ஜக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். சாச்சாவின் அக்காவும் அதற்குப் பிறகு, குருவிக்குக் காவல் என்ற அந்தப் பேச்சைப் பேசவில்லை. மாலையில் தட்டுக்குத் தண்ணீர் மாற்ற சாச்சி வந்தபோது, அவர்தான் பொச்சை எடுத்துக் கொடுத்தார்.

இத்தா முடிந்த மறுநாளே சாச்சி நாவுல பஸ்ஸில் ஏறிவிட்டார். கொழும்பிலிருந்து வந்த மகன், அவரைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர், விடிந்து பார்த்தால் அம்மாவைக் காணவில்லை என்று எங்கள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். வியாபாரத்தை இன்னும் விடவில்லை. நாங்கள் தம்புள்ளைக்கு மாறி வந்தபிறகும் அவரைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். மிளகு வாங்கப் போகிற வீடுகளில் எல்லாம் முற்றத்தில் தண்ணீர் வைக்கச் சொல்கிறாராம். போனதும் பழைய தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மிளகைக் கையில் எடுத்துப் பார்ப்பாராம். பல்லேகமவில் ஒரு அம்மா, இவர் வருகிற நாளைக்கு முதல் நாளே தானே தேய்த்து வைத்துவிடுவதாகச் சொன்னாராம்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது இத்தா முடிந்த அந்த நாளை.

அன்று காலையிலிருந்தே அவர் வீட்டில் ஆட்கள். மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். வாசலில் வேன் நின்றது. உறவுக்காரர் வீடுகளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சாச்சி குளித்து, நீலப்பூப் போட்ட புதுச்சேலை கட்டி, முன்வாசலைத் தாண்டி வெளியே வந்தார். வேனுக்குப் போகாமல், லேனில் ஏறி, நேரே எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"எங்க மகள் இருந்து பார்ப்பீங்க?"

நான் ஜன்னலைக் காட்டினேன். மெசினை நிறுத்தினேன். அவர் வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். சத்தம் போட வேண்டாம், இப்போது வரும் என்றேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அவர் விரல்கள் ஜன்னல் கம்பியைத் தட்டின. பிறகு ஒரு தவிட்டுக்குருவி மதிலில் இறங்கியது. இன்னொன்று. பிறகு முழுக் கூட்டமும் தட்டில் விழுந்து, இடித்துத் தள்ளி, சிறகை அடித்து, தண்ணீரை வாரித் தங்கள் மேல் போட்டுக்கொண்டன. ஒன்று மட்டும் விளிம்பில் தன் முறைக்குக் காத்து நின்றது. நனைந்தவை கொய்யாக் கிளையில் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை ஒன்று கோதின.

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன.

"நீங்க சொல்லக்குள்ள இவ்வளவுன்னு நான் நினைக்கல்ல," என்றார் மெதுவாக.

கீழே வேன் ஹார்ன் அடித்தது. அவர் திரும்பவில்லை.

"என்ட மனுசனும் இப்படித்தான் மகள். நான் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டா கதிரையை விட்டு எழும்பிருவார். நான் ஏதாவது வேலை சொல்லுவேன்னு. அவர் அதில இருக்கிறதை நான் பார்த்ததே இல்ல. நீங்கதான் தெனமும் பார்த்திருப்பீங்க."

நான் ஆமென்றேன்.

"எப்படி இருப்பார்?"

அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்தேன். யோசிக்க அதிகம் தேவைப்படவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே போதுமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மண்ணில் வைத்துக்கொள்வார் என்றேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருப்பார். கொய்யாப் பழம் விழுந்தால் குனிந்து எடுத்து, துடைத்து, சாப்பிடாமல் மதிலில் வைப்பார், அணிலுக்கு. வெயில் நகர நகரக் கதிரையையும் நகர்த்திக்கொள்வார். சில நேரம் தானாகச் சிரிப்பார்.

"எதுக்குச் சிரிப்பார்?"

"தெரியாது சாச்சி. இங்க இருந்து பார்க்கிற எனக்கும் சிரிப்பு வந்திரும்."

ஹார்ன் மறுபடி அடித்தது. மகன் லேனில் நின்று கூப்பிடுவது கேட்டது. சாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, நனைந்த குருவிகள் இருந்த கிளையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார்.

"இன்னும் சொல்லுங்க," என்றார்.

நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.